‘முழுசா குடு’ இயக்கம்

டி.வி.க்கு முன்னால் எழுந்து நின்று சத்தியம் செய்யும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கிச்சன்காரர் அன்று மாலை அதைச் செய்தார். ஒரு கையில் வீடியோ கேம் கன்ட்ரோலர். இன்னொரு கை தலைக்கு மேலே.

“ஒரு சல்லிக்காசு தர மாட்டேன். இது சத்தியம்!”

கிச்சன்காரர் என்றால் சமைப்பவர் இல்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்கு அலமாரி, டிராயர், கதவு எல்லாம் செய்து மாட்டுகிறவர். சமைக்கச் சொன்னால் வெந்நீரையும் தீய்த்துவிடுவார். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, “லெஃப்ட்ல ஒடிங்க, அவசரப்படாதீங்க” என்று சொல்வது தொழில். மாலையில் அதே தொழிலை சோபாவில் செய்வார். கணவர் விளையாடுவார். மனைவி வழி சொல்வார். தனி பிரேக் மட்டும்தான் கிடையாது என்று கிச்சன்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு ஒரு பாழடைந்த விடுதியில் நடக்கிறது. காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு தங்கை அறை அறையாகப் போகிறாள். பல வாரம் இருவரும் அவள் பின்னாலேயே போனார்கள். கடைசி மாடிக்கு ஏறினார்கள். கடைசிக் கதவுக்கு வந்தார்கள். உள்ளே யாரோ முணுமுணுவென்று பாடுவது கேட்டது. தங்கை கதவில் கை வைத்தாள். ஒரு பலகை எழுந்தது: ‘இந்த அறை கூடுதல் அத்தியாயத்தில் உள்ளது. தனியே வாங்கிப் பதிவிறக்கிக்கொள்ளவும்.’

“என்னங்க, திறங்க.”

“திறக்காது. தனியா வாங்கணுமாம்.”

“எதை?”

“அறையை.”

“அப்போ இத்தனை நாள் நாம வாங்கி வச்சிருந்தது?”

“வராண்டா.”

“சரி, வாங்கித் தொலைங்களேன். அக்கா என்ன ஆனாள்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னிக்கு கிளாஸ்லகூட அதே நினைப்புல ஒரு சிக்னலை விட்டுட்டேன்.”

“அதுதான் அந்தக் கம்பெனிக்காரன் கணக்கு! நம்மளை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து, உள்ள பாட்டையும் போட்டுவிட்டு, சாவியைத் தனியா விக்கிறான். கதவுன்னு ஒண்ணு இருந்தா பின்னாடி அறை இருக்கும். அறையைக் கட்டி முடிச்சுட்டுப் பூட்டி வச்சிருக்கான். என் தொழில்ல இப்படிப் பாதி வேலையைக் குடுத்துட்டு வந்தா ஊருல விட்டு வைப்பாங்களா?”

“உங்க தொழில்லயா?” என்றார் மனைவி. பார்வை சமையலறைப் பக்கம் போய்வந்தது.

அந்தச் சமையலறையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். குடிவந்த புதிதில் கிச்சன்காரர் தன் கையால் செய்தது. மரம் நல்ல மரம். இழைப்பு நல்ல இழைப்பு. டிராயர்களுக்குக் கைப்பிடிதான் இல்லை. “நல்ல டிசைன் வரட்டும், பிறகு போட்டுக்கலாம்” என்றிருந்தார். டிசைன்கள் வந்தன, போயின. மனைவி கரண்டியின் வளைந்த முனையை இடுக்கில் விட்டு நெம்பித்தான் டிராயரைத் திறப்பார். மூலை அலமாரிக்குக் கதவே இல்லை. அங்கே ஒரு பழைய போர்வை தொங்கியது. கேட்கும்போதெல்லாம் பதில் ஒன்றுதான்: “அது அடுத்த கட்டம்.” வேலை முடிந்து வந்ததும் அவர் கை நேராகக் கன்ட்ரோலருக்குப் போய்விடும். அடுத்த கட்டம் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

மறுநாள் காலை மனைவி ஆளே மாறியிருந்தார்.

“யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. சத்தியம்னா சத்தியம். விடாதீங்க.”

கிச்சன்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து ‘விடுங்க’தான் வந்திருக்கிறது. ‘விடாதீங்க’ இதுதான் முதல் தடவை.

“ஆனா தனியா நின்னா யார் மதிப்பாங்க? நாலு பேரைச் சேருங்க. டி.வி.யையே தொடாதீங்க. சாயங்காலம் பூரா இதுக்கே உக்காருங்க.”

அப்படிப் பிறந்ததுதான் ‘முழுசா குடு’ இயக்கம். கைப்பேசியில் ஒரு குழு. தலைவர் கிச்சன்காரர். மனைவியின் தம்பி முதல் உறுப்பினர். மாமா சேர்த்துவிட்டதால் உறுப்பினர். பிறகு மருந்துக்கடைக்காரர், ஜிம் மாஸ்டர், யார் என்றே தெரியாத சில புனைபெயர்கள். டி.வி. கறுப்பாகக் கிடந்தது. தலைவர் சோபாவின் ஒரு கோடியில் உட்கார்ந்து கட்டைவிரலால் புரட்சி செய்தார். கம்பெனிக்கு ஒரு நீண்ட கண்டனமும் அனுப்பினார்.

குழுவில் கொள்கைச் சண்டை சூடாகவே நடந்தது.

“மாமா, விளையாட்டை வித்தப்புறம் புதுசா உக்காந்து செஞ்சா, அதை விக்கிறதுல என்ன தப்பு? அவங்களுக்கும் சம்பளம் வேணும்ல?” என்றான் மச்சான்.

“மச்சான், நீ எந்தக் கட்சி?”

“நான் விளையாடுற ஆட்டத்துல குதிரைக்குத் தொப்பி தனியா விக்கிறாங்க. அது பரவாயில்லையா?” என்றார் ஜிம் மாஸ்டர்.

“தொப்பியும் கூடாது! குதிரை குடுத்தா தொப்பியோட குடு!”

“குதிரைக்கு எதுக்குங்க தொப்பி?” என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் எப்போதும் அடிப்படையான கேள்விகளைக் கேட்பவர்.

இந்த நேரத்தில்தான் குழுவில் ‘கரண்டி’ என்ற பெயரில் ஒரு புது உறுப்பினர் வந்து சேர்ந்தார்.

“வணக்கம். விளையாட்டு பத்தி இல்லை, பொதுவா ஒரு சந்தேகம். ஒருத்தர் எனக்கு டிராயர் செஞ்சு குடுத்தார். கைப்பிடி பிறகு வரும்னார். வரலை. கேட்டா அடுத்த கட்டம்கிறார். இந்த மாதிரி கேஸை நம்ம இயக்கம் எடுக்குமா?”

கரண்டி யார் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. கரண்டி அதே சோபாவின் மறுகோடியில், மடியில் கைப்பேசியோடு, முகத்தை நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தன்னிடம் கார் கற்கிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார் என்று தலைவர் நினைத்தார்.

“எடுக்குமாவா? இதுதாங்க நம்ம இயக்கமே! நானும் அதே தொழில்ல இருக்கேன். கைப்பிடி இல்லாம டிராயர் குடுக்கிறவன் தொழிலுக்கே அவமானம். யாரு அவன்? நம்பர் குடுங்க, நான் பேசுறேன்.”

“வேண்டாங்க. ரொம்பத் தெரிஞ்சவர்.”

“தெரிஞ்சவன்தான் இப்படிப் பண்ணுவான்!”

“எத்தனை நாளா இழுக்கிறார்?” என்றார் ஜிம் மாஸ்டர்.

“நாள் கணக்கு இல்லைங்க. வருஷக் கணக்கு.”

குழு கொதித்தது. கோப முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மச்சானுக்கு மட்டும் அக்கா வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “மாமா, தீர்ப்பு சொல்லுங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க” என்று எழுதினான்.

யோசித்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இயக்கம் தொடங்குவதில்லை. தலைவர் எழுதினார்:

“அந்த ஆளுக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் எதுவோ, அதைப் பிடுங்கி வச்சுக்குங்க. கைப்பிடி, கதவு, எது பாக்கியோ அத்தனையும் முடிக்கிற வரைக்கும் திருப்பித் தராதீங்க. கெஞ்சுவான், இரங்காதீங்க. நாளைக்குன்னு சொல்லுவான், நம்பாதீங்க. இது இயக்கத்தின் தீர்ப்பு.”

“நன்றி தலைவரே. அப்படியே செய்யறேன்” என்றார் கரண்டி.

தலைவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சோம்பல் முறித்தார். “பாவம், யாரோ ஒரு அப்பாவி. நியாயம் வாங்கிக் குடுத்துட்டேன்.”

“அப்படியா? நல்லா இருப்பீங்க” என்றார் மனைவி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது கத்தத்தான் செய்தது. இவர் எழுத்தில் வேறு கொடுத்திருந்தார்.

மறுநாள் மாலை கிச்சன்காரருக்குக் கை துறுதுறுத்தது. போராட்டம் அந்த விடுதி விளையாட்டுக்கு எதிராகத்தானே? கொஞ்சம் கால்பந்து ஆடினால் கொள்கைக்குப் பங்கமில்லை. சோபா மெத்தையைத் தூக்கினார். டி.வி.க்குப் பின்னால் குனிந்தார்.

“ஏம்மா, கன்ட்ரோலரைப் பாத்தியா?”

“பிடுங்கி வச்சிருக்கேன்.”

“யார் சொல்லி?”

“தலைவர் சொல்லி.”

மனைவி கைப்பேசியை நீட்டினார். கிச்சன்காரர் படித்தார். தன் எழுத்தை இவ்வளவு கவனமாக அவர் ஒருநாளும் படித்ததில்லை.

“நீயா கரண்டி?”

“அதை வச்சுத்தானே டிராயரைத் திறக்கிறேன்.”

“ஏம்மா, அதுவும் இதுவும் ஒண்ணா? டிராயர் திறக்குதா இல்லையா? வீட்டுல சமையல் நடக்குதா இல்லையா? அடிப்படையில கிச்சன் முழுசாத்தான் இருக்கு. கைப்பிடிங்கிறது ஒரு கூடுதல் வசதி. விருப்பப்பட்டா பின்னாடி...”

பாதியில் நின்றார். தன் வாயிலிருந்து வருவது யாருடைய குரல் என்று அவருக்கே கேட்டுவிட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போச்சு. கம்பெனிக்காரங்களுக்குக்கூட இவ்வளவு கோர்வையாச் சொல்ல வராது.”

“இப்போ நான் என்ன பண்ணணும்?”

“இஷ்டம்போலப் பண்ணுங்க. பிறகு வரும்கிறது நியாயம்னா இயக்கத்தைக் கலைச்சுட்டு அந்த அறையை வாங்குங்க. அநியாயம்னா கைப்பிடியைப் போடுங்க.”

ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். இயக்கத்தைக் கலைத்தால் மருந்துக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. கிச்சன்காரர் பரணிலிருந்து டிரில் மெஷினை இறக்கினார்.

கைப்பிடிகள் சுலபமாகப் போயின. ஒரு அட்டையில் துளைகளுக்கு இடம் குறித்து, அதையே ஒவ்வொரு டிராயர் முகத்திலும் வைத்து, பென்சிலால் புள்ளியிட்டு, துளைத்து, முடுக்கினார். மூலைக் கதவுதான் மூச்சு வாங்க வைத்தது. சுவர் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. கதவை மாட்டினால் மேலே உரசியது. கழற்றி இழைத்தால் கீழே இடைவெளி விழுந்தது. கீலை மாற்றினார். கதவே கோணலானது. மாலை மாலையாக இதே கதை. மச்சான் கதவைத் தாங்கிப் பிடிக்க வந்தான்.

“மாமா, ஒரு கதவுக்கு இவ்வளவு வேலையா?”

“பின்னே? முதல்லயே சேத்துச் செஞ்சிருந்தா ஒரு வேலை. கட்டி முடிச்சதுல பின்னாடி வந்து ஒண்ணைச் சேக்கிறது ரெண்டு வேலை. அது தெரியாம அவனவன்...” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டு கீலைத் திருகினார். மச்சானும் மரியாதையாகச் சுவரைப் பார்த்தான்.

கதவு பாதி தொங்கிக்கொண்டிருந்தபோது கம்பெனியிடமிருந்து கண்டனத்துக்குப் பதில் வந்தது. கிச்சன்காரர் வாய்விட்டுப் படித்தார். அந்த விளையாட்டு முதலில் வெளிவந்தபோது கடைசிக் கதவுக்குப் பின்னால் எதுவுமே இல்லையாம். வெறும் சுவர். பாட்டும் சும்மா மிரட்டுவதற்காகப் போட்டதாம். உள்ளே இருப்பது யார் என்று ஆட்டக்காரர்கள் கேட்டுக்கேட்டு நச்சரித்த பிறகுதான் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து அறையையே செய்தார்களாம்.

கைப்பேசியைக் கீழே வைத்தார். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே டிராயர் போல ஒரு முகம் இருந்தது. இழுத்தால் வராது. தொட்டியின் வயிறு பின்னால் இருப்பதால், வரிசை கெடக்கூடாதென்று ஒட்டிய வெறும் பலகை.

“டம்மி! நான் இதைத்தானே வீட்டுக்கு வீடு ஒட்டிட்டு வர்றேன். அவன் ஒளிச்சு வைக்கலை. அங்க ஒண்ணுமே இல்லை!”

“ஒண்ணுமே இல்லாத இடத்துல பின்னாடி வந்து செஞ்சு குடுத்தா, காசு கேக்கலாமா?” என்றார் மனைவி.

“கேக்கலாம். செஞ்சு முடிச்சதைப் பூட்டி வச்சுட்டுக் கேக்கக் கூடாது. தர்றேன்னு சொன்னதை இழுத்தடிச்சுட்டும் கேக்கக் கூடாது.” கடைசி வரியை யாரும் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். சொல்லும்போது கை ஒரு புதுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அதையே குழுவிலும் எழுதினார். இந்த ஒரு கேஸில் தலைவர் தப்பு, கொள்கை சரி என்று ஒப்புக்கொண்டார்.

“அப்போ குதிரைத் தொப்பி?” என்றார் ஜிம் மாஸ்டர்.

“அது குதிரைக்காரர் இஷ்டம்.”

அன்று மாலையே மூலைக் கதவு உரசாமல் மூடிக்கொண்டது. மனைவி ஒவ்வொரு டிராயராக விரலால் இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார். எதையும் எடுக்கவில்லை, எதையும் வைக்கவில்லை. சும்மா திறந்து மூடினார். கிச்சன்காரர் கதவில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தார். யார் யார் வீட்டிலோ எத்தனையோ கிச்சன் முடித்துக் கொடுத்திருக்கிறார். முடித்துக் கொடுத்த வீட்டில் நின்று வேடிக்கை பார்த்தது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

மனைவி கன்ட்ரோலரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கிச்சன்காரர் தொண்டையைக் கனைத்தார். வரம் கொடுக்கிறவர் தோரணை வந்துவிட்டது.

“சரி. சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த அறையை வாங்கிடலாம். நீயும் பாவம், அந்த அக்காவை நினைச்சு எத்தனை நாள்தான் தவிப்பே.”

டி.வி. உயிர் பெற்றது. கடைசி மாடி. கடைசிக் கதவு. தங்கை கை வைத்தாள். பலகை எழவில்லை. கதவு லேசாகத் திறந்தது. பாட்டு பெரிதாகக் கேட்டது.

கிச்சன்காரர் மெல்லத் திரும்பினார்.

“இதை எப்போ வாங்கினே?”

“நீங்க சத்தியம் பண்ணிட்டுக் குளிக்கப் போனீங்களே, அப்போ.”

“அப்போ விடாதீங்க, நாலு பேரைச் சேருங்கன்னு சொன்னது?”

“இது ஓடிட்டிருந்தா நீங்க சமையலறைப் பக்கம் வந்திருப்பீங்களா?”

“அப்போ அக்கா என்ன ஆனாள்னு உனக்கு முன்னாடியே தெரியும்.”

“எப்படித் தெரியும்? நீங்க இல்லாம உள்ள போவேனா?”

கிச்சன்காரர் கன்ட்ரோலரை மடியில் வைத்தார். வாங்கி வைத்துக்கொண்டும் தனக்காக வாசலிலேயே நின்றிருக்கிறாளே! “இத்தனை வாரம்... எனக்காகவா பொறுத்துக்கிட்டே?”

“அவ எங்க போயிடப் போறா, உள்ளதான் இருப்பா” என்றார் மனைவி, காலை மடக்கி சோபாவில் உட்கார்ந்தபடி. “உங்க கையில டிரில் இருக்கிற நேரத்தை விட்டா, எனக்குத் திரும்பக் கிடைக்குமா?”