பொட்டலம் அண்ணாச்சியும் என் இரண்டு சட்டைகளும்

கோவில்பட்டியில் மெட்ராஸ் வண்டி ஏறியவர்களில் பொட்டலம் அண்ணாச்சியைத் திட்டாத ஒருவரை எனக்குக் காட்டிவிடுங்கள், நான் இந்தப் பத்திரிகையில் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். நான் திட்டியிருக்கிறேன். என் தகப்பனார் திட்டியிருக்கிறார். வாழ்நாளில் யாரையும் 'டேய்' என்றுகூடச் சொல்லாத எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா, அவரை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருக்கிறார்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அண்ணாச்சிக்கு ஒரு கடை. சணல் கயிறு, கோணி ஊசி, அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி எல்லாம் விற்பார். ஆனால் உயிரை வைத்திருந்தது வேறு வேலையில். பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கொடுத்துவிடும் பண்டங்களை வாங்குவார். துணியில் சுற்றித் தைப்பார். ஊதா நிறக் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு விலாசம் எழுதுவார். அன்றைக்கு வண்டி ஏறுகிறவர் தலையில் கட்டிவிடுவார். கூலி கிடையாது. நாவல்பழம் தின்றதுபோல நாக்கு மட்டும் எப்போதும் ஊதாவாக இருக்கும். விலாசத்தை வேறு யாரும் எழுத விடமாட்டார்.

அந்த விலாசத்தில்தான் வினை. தமிழ் ஐயா மகனுக்குக் கொடுத்துவிட்ட மோர் மிளகாய் தாம்பரத்தில் ஒரு கம்பவுண்டரிடம் போய்ச் சேரும். கம்பவுண்டரின் மூக்குக் கண்ணாடி ராயபுரத்துக்குப் போய்விடும். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணின் ஜாதகம், ஏற்கெனவே மூன்று பிள்ளை பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போய், அங்கே ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை. இத்தனைக்கும் ஒரு பொட்டலமாவது தொலைந்ததா என்றால் கிடையாது. ஆள்தான் மாறும். அதனால் திட்டிக்கொண்டே மறுபடியும் அவரிடமே கொடுத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கும் பட்டணத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சைதாப்பேட்டையில் அறை. அந்த ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள், வயிறு எரிகிறது. பக்கத்து அறைக்காரர் தினமும் காலையில் குழாயடியில் எனக்கு முன்னால் வாளியோடு நிற்பார். ஒன்பது மாதம் நின்றார். என் பெயரைக் கேட்டாரா? கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், 'ஓகோ' என்றார். ஆபீசில் மணி ஐந்து அடித்தால் ஒருவர் தாம்பரம் வண்டிக்கு ஓடுவார், ஒருவர் திருவொற்றியூர் பஸ்ஸுக்கு ஓடுவார், ஒருவர் அம்பத்தூருக்கு. "ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன் சார்" என்று ஓடிக்கொண்டே சொல்வார்கள். விலாசம் சொல்லமாட்டார்கள். விலாசம் சொல்லாமல் விருந்துக்குக் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

கோவில்பட்டியில் கடைத்தெருவிலிருந்து வீடு போவதற்குள் பத்துப் பேர் "எங்கன போயிட்டு வாறீங்க?" என்று நிறுத்துவார்கள். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். பட்டணத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். தீபாவளி கழிந்ததும் கொடுத்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறுவது என்று முடிவு.

தீபாவளிக்கு எனக்கு இரண்டு சட்டை புதியம்புத்தூரில் தைத்து அப்பா அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்த சட்டைக்குள் நான், பக்கத்து அறைக்காரர், அவருடைய வாளி எல்லாரும் தாராளமாகப் புகுந்துகொள்ளலாம். கூடவே 'அன்புள்ள மகன் ஜேசுராஜுக்கு' என்று ஒரு கடிதம். உறையின் மேல் அதே ஊதா பென்சிலில் பெரம்பூர் விலாசம், கதவு எண், பக்கத்தில் அரைவை மில் என்று அடையாளம் வேறு. வந்த கோபத்தில் அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் விட்டது பெரிது.

இரண்டு பஸ் மாறி, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டு, வெயிலில் இரண்டு மைல் நடந்து, அந்தக் கதவைத் தட்டினேன். நிலைப்படி அளவுக்கு ஓர் ஆள் வந்து திறந்தார். கையில் என் சட்டை.

"நீங்கதான் இந்த ஒல்லிச் சட்டைக்காரரா? உள்ள வாங்க. அந்த மனுசன மொதல்ல திட்டிருவோம், பெறவு காப்பி குடிப்போம்" என்றார்.

ஓட்டப்பிடாரத்துக்காரர். பெரம்பூருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறதாம். பொட்டலம் கொண்டுவருகிறவர்கூட வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாராம். அந்தக் கதவை முதல்முதலாகத் தட்டிய ஆள் நான்தானாம். இரண்டு மணி நேரம் அண்ணாச்சியைத் திட்டினோம். அவர் கண்ணைத் திட்டினோம், பென்சிலைத் திட்டினோம், அவருக்குக் கோணி ஊசி செய்து கொடுத்த கொல்லனையும் விடவில்லை. ஜேசுராஜ் என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தார். பஸ் நகரும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம நான் அங்கன வாரேன், திட்டுறதுக்கு இன்னும் நெறைய கெடக்கு" என்றார்.

வந்தார். அடுத்த மாதம் என் கருப்பட்டி தாம்பரம் கம்பவுண்டருக்குப் போயிற்று. நானும் ஜேசுராஜும் சேர்ந்தே போய்க் கதவைத் தட்டினோம். மறுபடி மாறியது, மறுபடி தட்டினோம். பொங்கலுக்குள் ஐந்து பேர் ஆகிவிட்டோம். ஞாயிறு தவறாமல் கடற்கரையில் கூடி அண்ணாச்சியைத் திட்டுவோம். ஒரு ஞாயிறு சேவு வைத்துத் தின்ன காகிதம் தேடியபோது என் சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம்தான் இருந்தது. அதில்தான் வைத்துத் தின்றோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு அவர் கடைக்குப் போய் நின்றேன்.

"ஒருக்கா மாறலாம் அண்ணாச்சி. நாலு தடவையுமா விலாசம் மாறும்?"

அவர் பென்சிலை நாக்கில் தொட்டார். "மாறலையே" என்றார்.

"என் சட்ட பெரம்பூருக்குப் போச்சுல்லா?"

"போவணும்னுதான எழுதுனேன். உள்ள சரியான விலாசம் இருந்துச்சா இல்லியா?"

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போயிப் பாத்திருப்பேன்லா?" என்றேன்.

"போயிருக்கமாட்டீங்க தம்பி. ஒருநாள் பாப்போம்னு இருந்திருப்பீங்க. நானும் அங்கன எட்டு மாசம் இருந்தவந்தான். ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன், ஒருத்தரும் கதவத் தட்டல. அவிய பொல்லாதவிய கெடையாது. தட்டுறதுக்கு ஒரு காரணம் வேணும்லா, அது அவியகிட்ட இல்ல."

அவர் ஒரு பொட்டலத்தைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா திட்டமாட்டாங்க. திட்டலன்னா கூடவும் மாட்டாங்க."

சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கரிசல்காட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பட்டணத்தில் ஆள் தேடிக் கொடுத்த மனிதர், கண் தெரியாதவர், புத்தி மங்கியவர் என்று கடைசி நாள் வரை ஊர் வாயில் விழுந்தார். சிரித்துக்கொண்டே விழுந்தார். என்ன பிடிவாதம் அது? நானும் கூட நின்று திட்டினேன்.

அண்ணாச்சி காலமாகிவிட்டார். ஜேசுராஜுக்கு இந்த இதழ் வியாழக்கிழமை கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வருவார். இத்தனை வருஷம் மறைத்ததற்கு என்னை ஆசை தீரத் திட்டட்டும். அண்ணாச்சியை மட்டும் இனி நான் திட்ட விடமாட்டேன்.