மாப்பிள்ளை வீட்டு முகவரியில் நெய்மீன்

குடும்பத்தில் ஒருத்தி கம்ப்யூட்டர் வேலை பார்த்தால் போதும், பிரிண்டர் முதல் மிக்சி வரை அவள் தலையில்தான் விழும். நான் அதோடு நிற்காமல், தங்கை கல்யாணத்தை நேரலையில் காட்டும் பொறுப்பையும் வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை. அதுதான் எரிச்சல்.)

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. ஒரே மகன் தாலி கட்டுவதை அவர் போனில்தான் பார்த்தாக வேண்டும்.

எங்கள் பக்கம் பெண் வீட்டார் ஒரு கார்டு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு கார்டு என்று தனித்தனியாக அடிப்பார்கள். எங்கள் கார்டில் நேரலை முகவரியைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

“எங்க ஆளுவ என்னத்துக்கு மக்கா உங்க பேருல போயி பாக்கணும்? எங்களுக்கும் ஒண்ணு போடு.”

சம்பந்தி வீட்டில் மறுக்க முடியுமா? அவர்கள் பெயரிலும் ஒரு முகவரி வாங்கினேன்.

இரண்டும் வந்து சேர்வது என்னுடைய ஒரே சர்வருக்கு. அதன் வாசலில் ப்ராக்ஸி என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். வருகிறவர் எந்த முகவரி கேட்டு வருகிறார் என்று பார்த்து, அதற்குரிய தளத்துக்கு அனுப்புவது அதன் வேலை. நாம் சொல்லிவைக்காத முகவரியோடு யாராவது வந்தால், முதலில் குடியேறிய தளத்துக்குத் தள்ளிவிடும். என் சர்வரில் முதலில் குடியேறியவர் பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்து மீன் வியாபாரி ஒருவர். கடற்கரை ஏலத்தை ஹோட்டல்காரர்களுக்கு நேரலையில் காட்டுகிறவர்.

எங்கள் வீட்டு முகவரியை ப்ராக்ஸியிடம் சொன்னேன், சோதித்துப் பார்த்தேன், பெருமையோடு தலையில் பூ வைக்கப் போய்விட்டேன். மாப்பிள்ளை வீட்டு முகவரியைச் சொல்லவே இல்லை.

புதுக்கடை பக்கம் சர்ச். ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஜெபத்தைத் தொடங்கியதும் போன் அதிர்ந்தது. குவைத்.

“மக்கா, சர்ச்சுக்குள்ள யாரு மீன் ஏலம் விளிக்கா?”

“மாமா?”

“நெய்மீன் ஒண்ணு கெடக்கு. நல்ல மீனுதான். எம் மவன எங்க? ரூமுல எல்லாவனையும் கூட்டி வச்சிருக்கேன். தாலி கெட்டியாச்சா?”

பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வழியில், பாடகர் குழுவில் நின்ற என் கணவரிடம், “ஐயர்ட்ட சொல்லி இன்னொரு பாட்டு படிக்கச் சொல்லுங்க. தாலி கெட்ட விடாதீங்க” என்றேன். பின்வரிசைக்கு இரண்டாவது பாதி மட்டும் கேட்டது.

பாட்டு தொடங்கியது. பக்கத்து அறையில் லேப்டாப்பைத் திறந்து, விட்டுப்போன மாப்பிள்ளை வீட்டு முகவரியைச் சேர்த்தேன். அவசரத்தில் மீன்காரர் முகவரியையும் கல்யாணத்துக்கே திருப்பிவிட்டேன் போல. அவரும் அழைத்தார்.

“மோளே, ஏலத்துல பாட்டு படிக்காவ. கோட்டுப் போட்டு நிக்கவனா மீன எடுத்தான்னு கொச்சி ஓட்டல்காரன் கேக்கான்.”

அவரை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று போனை வைத்தேன். ‘இப்போ பாருங்க மாமா’ என்று குவைத்துக்குச் செய்தி போட்டேன். பாட்டின் கடைசிச் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பாட்டு கேட்டால் ஐயர் என்னையே வெளியே அனுப்பிவிடுவார். கடைசி வரியில்தான் செய்தி வந்தது: “மவன கண்டாச்சு.”

வாசலில் நின்று கணவரைப் பார்த்துத் தலையாட்டினேன். தாலி ஏறியது. நான் நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதேன். தங்கை கல்யாணத்தை நிறுத்தப் பார்த்து முடியாமல் அழுதவள் என்று எனக்கு ஊரில் இன்றைக்கும் பெயர் இருக்கிறது.

போன வருஷம் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். லேப்டாப்பும் கையுமாகப் போய் இறங்கினேன். சர்ச் வாசலில், குவைத்திலிருந்து லீவில் வந்த மாமா நின்றிருந்தார். லேப்டாப்பை மெதுவாக வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நீ உள்ள போயி இரி மக்கா. நான் டிக்கெட் எடுத்து நேர்லேயே வந்தாச்சு. ஒன்ன நம்பியிருந்தா, இண்ணைக்கு பேரனுக்குப் பதிலா சாளை மீனத்தான் பாக்கணும்.”