ஓடிப்போனவருக்கு ஒரு ரசீது

கணவருக்குப் பக்கத்தில் தனக்கு இனி இடமில்லை என்ற செய்தியை ஆர்லீன் ஃபென்ஸ்டர்மாக்கருக்கு முதன்முதலில் சொன்னவர், தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் எல்வுட் டிரெக்ஸ்லர். புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாமல் சொன்னதால், அவர் அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"புதுச் சட்டம் போட்டுட்டாங்க ஆர்லீன். மிச்சம் இருக்கிறது ஏழு குழி. அதெல்லாம் முதல்ல வந்து குடியேறினவங்க வம்சத்துக்கு மட்டும்தானாம்."

"லூத்தருக்குப் பக்கத்துல இருக்கிறது என் குழி. கல்லுலயே என் பேரு இருக்குதே."

"அந்தப் பேரை ராவி எடுக்க எவ்வளவு ஆகும்னு என்கிட்டதான் விசாரிச்சாங்க. நான் கூட்டியே சொல்லி வெச்சிருக்கேன்."

அந்தப் பென்சில்வேனியப் பள்ளத்தாக்கில் கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே கல்லில் ஒரே நாளில் செதுக்கிவிடுவது வழக்கம். கல்தச்சர் கூலியில் சற்றுக் குறைத்துக்கொள்வார். லூத்தர் இறந்தபோது ஆர்லீனின் பெயரும் பிறந்த ஆண்டும் ஒரு சிறு கோடும் செதுக்கப்பட்டன. கோட்டுக்கு அப்பால் உள்ள இடம் மட்டுமே வெறுமையாக இருந்தது. நாற்பத்தோராண்டுகள் லூத்தரின் இடப்பக்கம் உறங்கிய ஆர்லீனுக்கு வேறிடத்தில் உறக்கம் வருவதில்லை. மருத்துவமனையில் படுத்த இரண்டு இரவுகளில் அதை அவர் சோதித்தும் பார்த்திருந்தார்.

அது 1976, நாட்டுக்கு இருநூறு வயது நிறைந்த ஆண்டு. முந்தைய கோடைவரை தாத்தாவின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிந்த பென்சில்வேனியாவாசிகள் அனைவரும், திடீரென முன்னோர் உள்ளவர்களாகிவிட்டனர். ஜெர்மனியிலிருந்து முதல் முன்னோர் கப்பலில் வந்திறங்கிய ஆண்டை வெண்கலத் தகட்டில் பொறித்து வாசற்கதவில் அறைந்துகொண்டனர். தேவாலய விருந்துகளில் பெயர் கேட்கும் வழக்கமே ஒழிந்தது. "நான் 1732" என்பார் ஒருவர். "நான் 1744" என்று மற்றவர் சற்றுத் தள்ளி அமர்வார். வெல்லப்பாகுப் பணியாரத்தில் பெரிய துண்டு 1732-க்கே போயிற்று.

இவ்வுணர்ச்சியை ஒழுங்குபடுத்துவதற்கென முதற்குடியேறிகள் மரபுரிமைச் சான்றளிப்புச் சங்கம் தோன்றியது. கல்லறை இடத்துக்காக நடந்த சண்டைகளில் சலித்துப்போன தேவாலயக் குழு, எஞ்சிய ஏழு குழிகளையும் அச்சங்கத்தின் கனிவான பரிசீலனைக்கு ஒப்படைத்துவிட்டது.

சங்கப் பதிவாளர் ஹார்வி ஷோலன்பெர்கர். தரைவிரிப்புக் கடை நடத்திய நேரம்போக மீதி நேரத்தில், தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில் வீற்றிருந்து மரபைக் காத்துவந்தார். அவர் தலைக்கு மேல் முதலாம் எண் சான்றிதழ் தொங்கியது. அதைப் பெற்றவரும் அவரே. வழங்கிக் கையொப்பமிட்டவரும் அவரே.

ஆர்லீன் பத்தொன்பது பக்க விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பி நீட்டினார். அவருடைய பிறந்தவீட்டு முன்னோர் யோஹான் பீட்டர் ரவுன்சான், 1750-இல் கப்பலில் வந்தவர். ஹார்வி பட்டியலைப் புரட்டினார். முகம் வாடியது.

"மிஸஸ் ஃபென்ஸ்டர்மாக்கர், யோஹான் ரவுன்சான்னு ஒருத்தர் இதுல அஞ்சு தடவை கப்பல் ஏறியிருக்கார்."

"அஞ்சு பேரு ஹார்வி. அண்ணன் தம்பிங்க. பொறக்கிற ஆம்பளப் புள்ளைக்கெல்லாம் யோஹான்னு ஞானஸ்நானம் குடுத்துட்டு, வீட்டுல ரெண்டாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுறதுதானே நம்ம ஜனத்தோட வழக்கம்? உங்க வம்சத்துல முதல்ல வந்த கொன்ராடும் யோஹான் கொன்ராடுதானே?"

"அவர் ஒரே தடவைதான் ஏறினார். சங்கத்தோட அட்டவணை முதல் பேரை வெச்சுத்தான். அதன்படி இவர் ஒரே ஆள். அஞ்சு தடவை வந்து இறங்கியிருக்கார். நாலு தடவை திரும்பிப் போனதுக்கு ஆதாரம் இல்லை. திரும்பிப் போகாத ஆள் மறுபடி எப்படி வருவார்?"

"ஞாயிறு பள்ளிக்கூடத்துல உனக்கு மூக்குத் துடைச்சு விட்டவ நான்."

"அதுக்கும் ஆவணம் இருந்தா இணைக்கலாம்."

மேற்படி பீட்டர் ஏனைய யோஹான்களிலிருந்து பிரிந்து தனியாகத் தென்படும் ஆவணம் ஒன்று கொண்டுவருமாறு உத்தரவாயிற்று. ஆர்லீன் காலுறை ஆலையில் நாற்பத்துநான்கு ஆண்டுகள் விட்டுப்போன பின்னல் கண்ணிகளைத் தேடிப் பிடித்தவர். பதினொரு முறை பேருந்தேறி பிலடெல்பியாவுக்குச் சென்று, நூலகத்தில் பழைய செய்தித்தாள்களின் படச்சுருள்களைப் பார்த்தார். பதினோராம் முறை, 1751-ஆம் ஆண்டின் விளம்பரம் ஒன்று அகப்பட்டது.

'ஓடிப்போய்விட்டான்: ஜெர்மானியப் பணியாள் யோஹான் பீட்டர் ரவுன்சான், பீட்டர் என அழைக்கப்படுபவன். வயது இருபது இருக்கும். நீல மேலங்கி, தோல் காற்சட்டை. பிடில் மோசமாக வாசிப்பான். நிறுத்தச் சொன்னால் நிறுத்தமாட்டான். இவனுக்காக யான் கப்பல் கட்டணம் பதினான்கு பவுண்டு செலுத்தியதற்கு ஈடாக நான்காண்டு ஊழியத்துக்கு உடன்பட்டு, பதினொரு மாதமே கழித்திருக்கிறான். பிடித்துத் தருவோர்க்கு நாற்பது ஷில்லிங். மாவு ஆலை உரிமையாளர் கொன்ராட் ஷோலன்பெர்கர்.'

தம் முன்னோரின் பெயரைக் கண்டதும் ஹார்வி எழுந்து நின்றார். பிறகு அமர்ந்தார்.

"இது அவர் இங்க இல்லைங்கிறதுக்கு ஆதாரம்."

"இங்கேருந்து ஓடணும்னா முதல்ல இங்க இருந்திருக்கணும்ல?"

"ஓடிக்கிட்டிருக்கிறவரைக் குடியேறினவர்னு எப்படி எழுதுறது? குடியேறினவர்னா ஒரு இடத்துல உக்காந்திருக்கணும்."

"மூணு வருஷத்துல திரும்பி வந்து உக்காந்தாரே. மலைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி ஒம்பது புள்ளை பெத்தார்."

"சரி, இருக்கட்டும். விதி பதினாலைப் பாருங்க. எந்த முதற்குடும்பத்துக்காவது பாக்கி வெச்சவரோட வம்சத்துக்குச் சான்றிதழ் கிடையாது. உங்க ஆள் முப்பத்தேழு மாச வேலை பாக்கி. அதுவும் எங்க குடும்பத்துக்கு."

"சரி, எவ்வளவுன்னு சொல்லு. கட்டிடறேன்."

இப்படியொரு கேள்வி எழக்கூடும் என்று விதிகளை இயற்றியவர் எண்ணியிருக்கவில்லை. ஆகவே செயற்குழு கூட்டப்பட்டது.

கோழி சோளக் கஞ்சி பரிமாறப்பட்ட அக்கூட்டத்தில், எஞ்சிய முப்பத்தேழு மாத ஊழியத்தை ஆர்லீனே செய்து முடிக்கலாம் என்ற யோசனை முதலில் எழுந்தது. ஹார்வி தம் தரைவிரிப்புக் கடையின் வேலைநேரத்தை மனத்துக்குள் கணக்கிட்டார்.

"திங்கக்கிழமையே வந்துடறேன்" என்றார் அறுபத்தெட்டு வயது ஆர்லீன். "அந்தக் காலத்துச் சட்டப்படி எஜமான் மூணு வேளை சோறு போட்டு, படுக்க இடம் குடுக்கணும். முடிச்சுப் போறப்ப ரெண்டு ஜோடித் துணி. ஒண்ணு புதுசு."

கஞ்சிப் பானைக்கு அருகில் நின்றிருந்த ஹார்வியின் மனைவி, வேண்டாம் என்று தலையசைத்தார். யோசனை கைவிடப்பட்டது.

அடுத்து வட்டி. பொருளாளர் மேபல் காமர் கூட்டல் இயந்திரத்தைத் தட்டத் தொடங்கினார். இருநூற்று இருபத்தைந்தாண்டுக் கூட்டுவட்டி. காகிதச் சுருள் மேசையிலிருந்து இறங்கி, தரையில் ஊர்ந்து, வாசலைத் தாண்டியது. கிடைத்த தொகை, செயற்குழு உறுப்பினர் உட்பட அப்பள்ளத்தாக்கு முழுவதன் மதிப்பையும் விஞ்சிவிட்டது.

"நிறுத்தும்மா மேபல்" என்றார் ஒருவர். "இப்படிக் கணக்குப் பாத்தா இங்க யாரும் தப்ப முடியாது."

எனவே அசல் மட்டும் போதும் எனப் பெருந்தன்மையுடன் தீர்மானிக்கப்பட்டது. நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பதினான்கு பவுண்டு எனில், முப்பத்தேழு மாதத்துக்குப் பத்துப் பவுண்டு பதினைந்து ஷில்லிங் பத்துப் பென்ஸ். பீட்டர் காலத்து மாற்று விகிதப்படி இருபத்தெட்டு டாலர் எழுபத்தெட்டு சென்ட். ஆர்லீன் கைப்பையைத் திறந்து சில்லறை உட்பட எண்ணி வைத்தார்.

"ரசீது குடு ஹார்வி."

"நமக்குள்ள ரசீது எதுக்கு?"

"விதியில இருக்கும். பாரு."

இருந்தது. 'இம்மாவட்டத்தில் ஊழியம் புரிந்த திரு. யோஹான் பீட்டர் ரவுன்சானின் வழித்தோன்றலிடமிருந்து முழுத்தொகையும் பெறப்பட்டது. அன்னாரது பாக்கி ஏதுமில்லை' என எழுதி, ஹார்வி சிவப்பு முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே விண்ணப்பம் மீண்டும் வந்தது. இணைப்பு: மேற்படி ரசீது. பீட்டர் இருந்தார், இங்கே இருந்தார், வேறு யோஹான்கள் எவரும் அல்லர், பாக்கியும் இல்லை. நான்கு முறை படித்தும் ஹார்வியால் ஆட்சேபிக்க இயலவில்லை. முத்திரையும் கையெழுத்தும் அவருடையவை. ஆர்லீனுக்குச் சான்றிதழும், லூத்தரின் இடப்பக்கக் குழியும் உறுதியாயின.

வினை அதன்பிறகுதான் தொடங்கியது. சான்றிதழ் எல்லோர் வீட்டிலும் இருந்தது. சிவப்பு முத்திரை குத்திய ரசீதோ ஆர்லீன் வீட்டில் மட்டும் தொங்கியது. ஓடிப்போன முன்னோர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தை எவரும் மதிப்பதாக இல்லை. பிலடெல்பியாப் பேருந்தில் நிற்கவும் இடமின்றிப் போயிற்று. தம் முன்னோர் நான்காண்டும் ஒழுங்காக வேலை செய்து தொலைத்துவிட்டார் என அறிந்து, 1741-ஆம் ஆண்டுக்காரர் ஒருவர் நூலகத்திலேயே கண்கலங்கினார்.

மேபல் காமரும் தேடினார். அவர் குடும்பத்தில் ஓடிப்போனவர் எவரும் அகப்படவில்லை. அவர் முன்னோர் 1740-இல் கொடுத்த விளம்பரம் ஒன்றே அகப்பட்டது. பன்னிரண்டு பவுண்டு கட்டணத்துக்கு மூன்றாண்டு ஊழியம் ஒப்புக்கொண்ட பணியாள், ஆறே மாதத்தில் எஜமானின் குதிரையின் மீதேறிப் போய்விட்டான். பணியாளின் பெயர் யோஹான் கொன்ராட் ஷோலன்பெர்கர்.

விதி பதினான்கின்படி முதலாம் எண் சான்றிதழ் அன்றே நிறுத்திவைக்கப்பட்டது. பதிவாளர் பதவியும் காலியாயிற்று. பாக்கி ஏதுமில்லை எனச் சங்கமே முத்திரை குத்தி ஒப்புக்கொண்ட ஆள் அப்பள்ளத்தாக்கில் ஒருவர்தான் இருந்தார். எனவே திங்கட்கிழமை முதல் நிலவறை நாற்காலியில் ஆர்லீன் வீற்றிருந்தார். மூன்றாம் நாளே நாற்காலிக்கு மெத்தை வந்தது; நான்காம் நாள், வருவோர் அடித்துவிட்டுக் காத்திருக்க ஒரு மேசைமணி.

ஹார்வி பத்தொன்பது பக்கங்களையும் நிரப்பிக்கொண்டு வந்து, மணியடித்துவிட்டு நின்றார்.

"மிஸ்டர் ஷோலன்பெர்கர், குதிரையோட நிறம் எழுதலையே."

"விளம்பரத்துலயே நிறம் போடலை ஆர்லீன்."

"நிறம் தெரியாம அது ஒரே குதிரைதான்னு நான் எப்படி ஏத்துக்கிறது? அஞ்சு குதிரையா இருந்துட்டா?"

"ஒரு ஆள் அஞ்சு குதிரையில எப்படிம்மா ஓடுவான்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? சேணம் போட்டிருந்துச்சா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா போட்டிருந்துச்சுன்னுதான் எழுதணும். உக்காருங்க. இல்ல, வெளியில உக்காருங்க."

பதினொரு வாரங்களுக்குப் பின் கோப்பு முடிவுக்கு வந்தது. எஞ்சிய முப்பது மாத ஊழியத்துக்குப் பத்துப் பவுண்டு, குழு மதிப்பீட்டின்படி குதிரைக்கு எட்டுப் பவுண்டு, சேணத்துக்கு ஒரு பவுண்டு பன்னிரண்டு ஷில்லிங். இருநூற்று முப்பத்தாறு ஆண்டுகள் தாமதமாக, மேபல் காமரின் கையில் ஹார்வி ஷோலன்பெர்கர் எண்ணி வைத்தது ஐம்பத்திரண்டு டாலர் இருபத்தேழு சென்ட்.