புலி கடித்த தொப்பி

கூ சாமியாரைப் பார்க்க எங்கள் ஆய்வகத்திலிருந்து மின்தூக்கி வரை வரிசை நின்றது. சின்ச்சு அறிவியல் பூங்காவின் பக்கத்து நிறுவனங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கையில் சோதனைக் குழாய்கள் வைத்த ஐஸ் டப்பா, சட்டைப்பையில் காணிக்கைப் பணத்துடன் சிவப்பு உறை. பெரும்பாலோர் முனைவர்கள். படிக்காதவன் இப்படி நின்றால் மூடநம்பிக்கை. இவர்கள் நின்றதால் ‘தர மேம்பாடு’.

எங்கள் பிழைப்பு ஒரு தொப்பி. தூது ஆர்என்ஏ இழையின் தலையில் தொப்பி இருந்தால்தான் செல் அதை மதிக்கும். இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடும். அந்தத் தொப்பிக்கென்று சற்றே மாற்றியமைத்த நியூக்ளியோடைடு கரைசலைத்தான் நாங்கள் செய்து விற்கிறோம். கரைசல் நன்றாக இருந்தால் சோதனைத் தட்டு ஒளிரும். கெட்டிருந்தால் இருட்டு. குளிர்காலத்தில் சில தட்டுகள் இருண்டன. காரணத்தைத் தேடுவதற்கு முன் சாமியாரைத் தேடிவிட்டார்கள்.

அவரிடம் இரண்டு புட்டி. முத்துத் தீர்த்தம் விட்ட குழாய் ஒளிரும். ஊதுவத்திச் சாம்பல் தீர்த்தம், சந்தேகத்துக்கு ஆளானவர் கலக்கிய குழாய்க்கு. அந்தத் தட்டு இருண்டால் கலக்கியவருக்குப் புலி வருஷத் தோஷம். பன்னிரண்டு மிருக வருஷங்களில் புலியில் பிறந்தவரைக் கல்யாணத்துக்கே கூப்பிடத் தயங்கும் ஊர் இது.

எங்கள் ஆய்வகத்து லாய் ஷூ-மின் புலி வருஷக்காரி. அவள் குழாயில் சாம்பல் சொட்டு விழுந்தது, தட்டு இருண்டது. இயக்குநர் ஃபாங் உறைபெட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

ஷூ-மின் அழவில்லை. “சாமி, அந்தச் சொட்டு தோஷம் இல்லாதவங்க குழாயை ஒண்ணும் பண்ணாதில்ல?”

“பண்ணாது பொண்ணே. நல்லவங்களுக்கு அது தண்ணி மாதிரி.”

“அப்ப சார் கலக்கின குழாயிலயும் ஒரு சொட்டு விடுங்க.”

சாமியாருக்கு இருமல் வந்தது. “அவருக்கு எதுக்கு...”

“விடுங்க சாமி,” என்றார் ஃபாங். “நான் முயல் வருஷம். எனக்கென்ன பயம்?”

விட்டார்கள். ஃபாங்கின் தட்டும் இருண்டது.

சாமியார் சுதாரித்தார். “எந்த மாசம் பொறந்தீங்க?”

“ஜனவரி, பத்து.”

ஃபாங்கின் உதவியாளர் பெங் கைப்பேசியைத் தடவினார். “அந்த வருஷம் சந்திரப் புத்தாண்டே ஜனவரிக் கடைசியிலதான் சார். அன்னைக்குத்தான் முயல் தொடங்குது, நீங்க அதுக்குள்ள பொறந்துட்டீங்க. நீங்க முயல் இல்ல. புலி.”

வரிசை ஓர் அடி பின்வாங்கியது. “பாத்தீங்களா, தீர்த்தம் பொய் சொல்லாது,” என்றார் சாமியார்.

இத்தனை காலம் முயலாக இருந்து ஊர்க் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஃபாங், அந்த நிமிஷமே பகுத்தறிவாளர் ஆனார். “இதுக்கு ஆதாரம் வேணுமில்ல?” என்றார்.

“இருக்குமே,” என்றாள் ஷூ-மின். “சாமி, நீங்க என்ன வருஷம்?”

“குரங்கு.”

“மாசம்?”

“ஆகஸ்டு.”

“அப்ப சந்தேகமே இல்லாத குரங்கு. புதுக் குழாய் ஒண்ணை நீங்களே கலக்கி, சொட்டையும் நீங்களே விடுங்க. நான் ஒண்ணு கலக்குறேன். எனக்குச் சொட்டு வேண்டாம்.”

சாமியாருக்கு அவசரமாக வேறு கோயில் ஞாபகம் வந்தது. ஃபாங் கதவருகே போய் நின்றுகொண்டார்.

குரங்கின் தட்டு இருண்டது. புலியின் தட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது.

ஷூ-மின் சாம்பல் தீர்த்தத்தில் சோதனைத் தாளை நனைத்தாள். கருநீலம். “சாம்பல்ல காரம் இருக்கு. காரம் பட்டா தொப்பியோட வளையம் உடைஞ்சிரும். காரம் படக்கூடாதுன்னு நாம விக்கிற புட்டியிலேயே ஒட்டியிருக்கோம்.”

“முத்துத் தீர்த்தம்?” என்றார் பெங்.

அதிலும் ஒரு தாளை நனைத்தாள். “நிறமே மாறல. வெறும் பைப்புத் தண்ணி.”

சாவி அவள் கைக்கு வந்தது. சாமியாரைக் காவலர்கள் கூட்டிப்போனார்கள். கலைந்த வரிசையில் ஒரு முனைவர் மெல்ல விசாரித்தார்: “முத்துத் தீர்த்தம் மட்டும் கிடைக்குமா? அதுல கெடுதல் ஒண்ணும் இல்லையே.”

ஒவ்வொரு குழாயையும் சந்தேகப்படத்தான் எங்களுக்குச் சம்பளம். சாமியாரைச் சந்தேகப்படத் தனிச் சம்பளம் இல்லை என்று விட்டுவிட்டோம் போலும். எப்போதாவது இலவசமாகவும் சந்தேகப்படுங்கள்.