மிஞ்சிய ஒரே பிரதி

டீ முதலில் 'அரசன்' மேல் விழுந்தது. 'எதற்கு?' வரை பரவ அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

'அரசன் எதற்கு?' நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகம். அதை எழுதிய குற்றத்துக்காக ஆசிரியர் சிறையிலேயே செத்துப்போனார். அரசன் எரித்தது போக உலகத்தில் மிஞ்சியது இந்த ஒரே பிரதி. பதினொரு மணிக்கு அது ஏலத்துக்கு வருகிறது. இப்போது மணி ஒன்பது.

ஏலக் கூடத்தில் பழைய புத்தகங்களைச் சரிபார்த்துப் பட்டியல் எழுதுபவரை எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காலி டம்ளரோடு சிலையாக நின்றார். 'புத்தக அறையில் டீ கூடாது' என்று எழுதி ஒட்டியவரும் அவரேதான்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"டீ கொட்டிருச்சு."

"சட்டையிலயா?"

"புத்தகத்துல."

"துடைங்க. இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க?"

கைக்குட்டையால் துடைத்தார். டீ போனது. கூடவே ஆசிரியர் மையில் போட்டிருந்த கையெழுத்தில் பாதியும் போனது.

"கையெழுத்து கைக்குட்டைக்கு வந்துருச்சு!"

"அழுத்தித் துடைச்சிருப்பீங்க. வீட்டுல தட்டைத் துடைக்கச் சொன்னா மட்டும் பட்டும் படாம துடைப்பீங்க. சரி, காய வைங்க."

மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. ஆனால் பக்கங்கள் அலை அலையாக எழும்பி, அட்டை மூட மறுத்தது. அரசனுக்கே வாயை மூடாத புத்தகம், இவருக்கா மூடும்?

"சுருங்கிப்போச்சு. மூடவே மாட்டேங்குது," என்றார் மறுபடி போன் போட்டு.

"துணி சுருங்கினா என்ன பண்ணுவோம்?"

காவலாளியின் அறையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. மெல்ல, மிக மெல்லத் தேய்த்தார். பக்கம் சமர்த்தாகப் படிந்தது. அந்த நேரம் பார்த்து நடையிலிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது.

"பூதக்கண்ணாடி! புத்தகம் ரெடியா?"

"ரெடிம்மா!" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூக்கில் வாசனை ஏறியது.

"கருகிருச்சு," என்றார் போனில்.

"உங்களுக்கு வேற வேலை எங்கயாவது இருக்கான்னு அண்ணன்கிட்ட கேட்டு வைக்கிறேன்," என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு முதலாளியம்மா வந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

இருபது வருட வேலை. வாய் தானாகவே பேசியது. "அரண்மனைச் சிப்பாய்ங்க நெருப்புல போட்டிருக்காங்கம்மா. யாரோ கையைச் சுட்டுக்கிட்டு எடுத்திருக்காங்க. இந்தக் கறை... கண்ணீரா இருக்கும்."

"இதைப் போய் பட்டியல்ல எழுதாம விட்டிருக்கீங்களே!"

"இப்பத்தாம்மா கவனிச்சேன்."

ஏலம் விடுபவர் அந்தக் கதையை உருக உருகச் சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. தாடிவைத்த பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விலையை ஏற்றினார். கடைசி வரிசையில் முத்துமாலை அணிந்த ஓர் அம்மாள், எண் அட்டையைத் தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

பேராசிரியர் தோற்றுப்போனார்.

புத்தகத்தைத் துணியில் சுற்றி அந்த அம்மாளிடம் கொடுக்கும்போது பூதக்கண்ணாடிக்கு நெஞ்சு உறுத்தியது. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

"அம்மா, சிப்பாயும் இல்ல, கண்ணீரும் இல்ல. அது டீ. இது இஸ்திரிப்பெட்டி. நான்தான் கருக்கினேன். வேண்டாம்னா திருப்பிக் கொடுத்துருங்க."

அந்த அம்மாள் துணியை விலக்கிக் கருகிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இவ்வளவுதானா கருக்க முடிஞ்சுது? எங்க கொள்ளுத்தாத்தா ராஜாவா இருந்தும் முடிக்காம விட்டுட்டுப் போன வேலை தம்பி இது... தீப்பெட்டி இருக்கா?"