எலி தின்ற கம்சட்கா

தாயம் ஆடுகிறவர்கள் நல்லவர்கள். தோற்றால் காயைக் கலைத்துவிட்டு எழுந்து சாப்பிடப் போவார்கள். போர் அட்டை ஆடுகிறவர்கள் அப்படியில்லை. உலகம் முழுவதையும் பிடித்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். அதற்குள் சாப்பாடு ஆறிவிடும், கடைசி பஸ் போய்விடும். எனக்கு ஒரு கல்யாணமே போகப் பார்த்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தை விளக்குவது சிரமம். மடித்து விரிக்கும் பெரிய அட்டையில் உலகப் படம் இருக்கும், கண்டத்துக்கு ஒரு நிறமாக. சுண்டுவிரல் நகத்தளவு மரக்கட்டைகள்தான் படைகள். தாக்குகிறவனுக்குச் சிவப்புப் பகடை, தடுக்கிறவனுக்கு வெள்ளை. சித்தூரில் நான் படித்த மிஷன் ஹாஸ்டலில், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா விட்டுச்சென்ற பெட்டி ஒன்று இருந்தது. மழை பெய்யும் சனிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் குப்புறப் படுத்துக்கொண்டு ஆடுவோம். பக்கத்திலிருக்கும் கங்காதர நெல்லூரைத் தாண்டி உலகம் பார்க்காதவன், சைபீரியாவின் யாகுட்ஸ்க் கைவிட்டுப் போய்விட்டதே என்று அழுவான். அந்த அட்டையின் பசை வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். (ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை.)

வளர்ந்து சர்வே டிபார்ட்மெண்டில் சேர்ந்தேன். நிலங்களின் எல்லையை அளந்து படம் போடும் வேலை. எனக்காகவே கண்டுபிடித்த உத்தியோகம் என்று நான் நினைத்தேன். என்னால்தான் கல்யாணம் தட்டிப்போகிறது என்று எஸ்தர் அக்கா நினைத்தாள். அம்மா அப்பா இல்லாத எனக்கு அவள்தான் பெண் தேடினாள். ஒரு பெண் வீட்டில், "உங்க காம்பவுண்டு சுவர் பக்கத்து மனையில அரை அடி போயிருக்கு சார்" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். இன்னொரு வீட்டில் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வைத்தேன். இரண்டு இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை.

மூன்றாவது இடம் திருப்பதி. பெண் பெயர் ஹெப்சி, பள்ளி ஆசிரியை. இந்தத் தடவை விஷயம் வேறு, ஏனென்றால் அவளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். சித்தூரில் நடந்த கன்வென்ஷன் கூட்டத்தில், நேரத்துக்கு முடிக்காமல் போய்க்கொண்டே இருந்த பிரசங்கியாருக்கு முன்னால் போய் நின்று, தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியவள் அவள். அன்று முதல் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பஸ் பூதலப்பட்டு தாண்டும்வரை அக்கா என்னை விடவில்லை.

"தோ பார் சாமு, வாயத் தெறக்காத. சுவத்தப் பாக்காத, கடிகாரத்தப் பாக்காத. பொண்ணப் பாரு. இதுவும் போச்சின்னா நீ பிரம்மச்சாரியாவே அளந்துகினு கெட."

"அவளதான்கா பாக்கப் போறேன்."

"பாத்துட்டு, புடிச்சிகீதுன்னு சொல்லு. அவ்ளோதான் உன் வேல."

பெண்ணின் அப்பா டேனியல் மாமா, ரயில்வேக்காரர். வாசலிலேயே "ரண்டி ரண்டி, வாங்கம்மா" என்று இரண்டு பாஷையிலும் கூப்பிட்டார். ஜெபம் செய்து உட்கார்ந்தோம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது நான் அரைக்கண்ணால் பார்த்ததில், பீரோமேல் அந்தப் பெட்டி இருந்தது. அதே சிவப்புப் பெட்டி. "ஆமென்" சொன்ன கையோடு, "மாமா, அது போர் அட்டைதானே?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என் காலை மிதித்தாள்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "ஏம்பா, உனக்குத் தெரியுமா? இந்த ஊர்ல என்னோட ஆட ஒரு ஆளில்லாம நான் தவிச்சுகினு கீறேன். ஹெப்சி ரெடியாவறதுக்குள்ள ஒரு கை போடலாமா?"

நடுவில் கிடந்த மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஓரமெல்லாம் பச்சை நூலில் கொடியும் பூவும். "எங்க ஹெப்சி போட்டது. இன்னிக்குன்னு முடிச்சா" என்றார் அத்தை பெருமையாக. அதன்மேல் மாமா உலகத்தை விரித்தார். நான் படையை அடுக்கினேன்.

மாமா லேசுப்பட்டவர் இல்லை. வட அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். அத்தை வடை கொண்டுவந்தார். "துன்னுப்பா, ஆறிப்போவுது" என்றார். நான் ஆசியாவில் இருந்தேன். ஒரு கட்டத்தில்தான் எனக்கு வழி தெரிந்தது. ஆசியாவின் கிழக்குக் கோடியில் கம்சட்கா. அங்கிருந்து கடல் தாண்டினால் அலாஸ்கா, அதாவது மாமாவின் பின்வாசல். கட்டைகளை எடுத்துக்கொண்டு கம்சட்காவைத் தேடினேன். அந்த மூலையே இல்லை. அட்டை அங்கே அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது.

"அதுவா? அது எலி துன்னுட்சிபா. நாங்க அந்த நாடு இல்லாமதான் ஆடுவோம்."

இங்கே நான் சிரித்திருக்க வேண்டும். வடையைத் தின்றிருக்க வேண்டும்.

"அப்படிச் சொல்ல முடியாது மாமா. எங்க ஆபீஸ்ல எத்தனையோ படத்தக் கரையான் அரிச்சிருக்கு. நிலம் அங்கேயேதானே கீது? படம் போனா நாடு போயிடுமா?"

"எங்க வூட்டு ஆட்டத்துல போயிடும்."

"விதியில அப்படி இல்ல மாமா."

"எலிக்கு விதி தெரியாதுபா!"

குரல்கள் உயர்ந்தன. அக்கா மறுபடி மிதித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன். வாதத்தால் புரியாததைப் படத்தால் புரியவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சட்டைப்பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்தேன். கடிபட்ட மூலைக்கு வெளியே, வெள்ளைத் துணியின்மேல், கம்சட்காவின் எல்லைக்கோட்டை வரைந்தேன். நல்ல கோடு. தொழில் சுத்தமான கோடு. உள்ளே படையை வைத்து, "இப்ப அலாஸ்காவத் தாக்கறேன்" என்றேன். பதறிப்போன மாமாவும் வெள்ளைப் பகடையை உருட்டிவிட்டார். அலாஸ்கா விழுந்தது.

அறை அமைதியானது. அந்த அமைதி என் போர்த்திறமைக்கு என்று நினைத்தேன்.

"சாமு," அக்காவின் குரல் எங்கோ கேட்டது. "பொண்ணு வந்துகீதுடா. காபி நீட்டிகினு நிக்குது பாரு."

"ஒரு நிமிஷம்கா. ஐரோப்பாவ முடிச்சிக்கறேன்."

நான் சொன்னதை நானே கேட்டு நிமிர்ந்தபோது, காபித் தட்டு மேஜையில் இருந்தது. உள்ளே போகும் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. அத்தை துணியில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அலாஸ்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ தேவுடா," என்றார் மாமா. எதற்கென்று இன்றுவரை கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். வாரங்கள் போயின, திருப்பதியிலிருந்து சத்தமில்லை. கன்வென்ஷனில் கைக்கடிகாரத்தைத் தட்டிய அந்த விரல் நினைவுக்கு வரும்போதெல்லாம், ஆபீஸில் யாரோ ஒருவருடைய வயலின் எல்லையைக் கோணலாகப் போட்டுவிட்டு அழித்தேன்.

ஒருநாள் ஆபீஸ் போன் மணி அடித்தது.

"சாமுவேல் சாருங்களா? நான் ஹெப்சி பேசறேன். துணியில நீங்க போட்ட கோடு போவல. மேஜைமேலேயே வெச்சி எலுமிச்சம்பழம் போட்டுக்கூட தேச்சிப் பாத்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அதுக்குக் கூப்பிடல. ஸ்கூல் அட்லஸ்ல வெச்சிப் பாத்தேன். தெற்கு முனைய ரொம்பக் குட்டையா போட்டுட்டீங்க. சர்வே டிபார்ட்மெண்டுன்னு சொன்னாங்க?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை.

"வந்து திருத்தித் தரவா?" என்றேன்.

"வாங்க. நைனா இன்னும் அட்டையக் கலைக்கல. அந்த ஆட்டத்த முடிச்சிட்டுப் போங்க. அவரு சாப்பாட்டு மேஜை இல்லாம மடியில தட்ட வெச்சிகினு துன்றாரு."

மறுவாரம் அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்து நாற்காலியில் ஹெப்சி உட்கார்ந்து, "நைனாவுக்குப் பதிலா நான் ஆடறேன்" என்றாள். "கம்சட்கா இருக்குன்னே வெச்சிக்கலாம், நைனா. அந்த வழியா அவரு வந்தாரில்ல? நாம திரும்பிப் போவ முடியாதா இன்னா?"

முதலில் என்னிடமிருந்து அலாஸ்காவை மீட்டாள். பிறகு நானே வரைந்த கோட்டுக்குள் நுழைந்தாள். அங்கே நான் காவலுக்கு ஒரே ஒரு கட்டையைத்தான் விட்டிருந்தேன். (விதி தெரிந்தவனுக்குப் புத்தியும் இருக்க வேண்டும் என்பது விதியில் இல்லை.) கம்சட்கா வழியாக ஆசியா முழுவதும் போனது. மாமா ஒவ்வொரு நாட்டுக்கும் தொடையில் தட்டினார். என் கடைசிக் கட்டை விழுந்ததும், "அல்லுடு, எலி துன்னாலும் நாடு நாடுதான்யா!" என்று என் முதுகில் அறைந்தார். அல்லுடு என்றால் தெலுங்கில் மாப்பிள்ளை. அக்கா அழுதுவிட்டாள். நான் திருத்திப் போட்ட கோட்டின்மேல் ஹெப்சி பச்சை நூலில் தையல் போட்டாள். அந்தத் துணியை விரிக்காமல் எங்கள் வீட்டில் இன்றும் யாரும் போர் ஆடுவதில்லை.

குளியலறையில் நான் கொஞ்சம் தாமதித்தால், "ஐரோப்பா முடிஞ்சிதா?" என்று மகள் கதவைத் தட்டுவாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு கல்யாண நாளிலும் ஹெப்சி கேட்கும் கேள்வியைத்தான் தாங்க முடிவதில்லை: முதல் தடவை காபி கொண்டுவந்தபோது அவள் கட்டியிருந்த புடவை என்ன நிறம்? என் டைரியில் அந்த நாள் உண்டு. உக்ரைனில் எத்தனை படை இருந்தது என்பது வரைக்கும் உண்டு. புடவை இல்லை. ஊதா, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று வருஷத்துக்கு ஒன்றாகச் சொல்லிவருகிறேன். இந்த வருஷம் வாடாமல்லி என்றேன்.

ஹெப்சி இல்லையென்று தலையாட்டினாள். மூலையில் சாய்வு நாற்காலியில் தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அல்லுடு, அன்னிக்கி அவ போட்டது சுடிதாருபா."