மேலப்பாளையத்துக் கோடு மட்டும் ஆடவில்லை

786

மேலப்பாளையம்,
21.8.2025, வியாழன்

கண்ணியத்துக்குரிய மாப்பிள்ளை ரசீத் அவர்களுக்கு, மாமா அகமது மீரான் சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மகள் தஸ்மியாவும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே உங்கள் மாமி ஆபிதாவும் நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. மாமி சுகம். நான் காலை ஆறு மணியிலிருந்து கீழ் வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "செத்த உக்காருங்க, தலை சுத்துது" என்று ஆபிதா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சுற்றுவது என் தலை இல்லையாம், பார்த்துக்கொண்டிருக்கிற அவள் தலையாம்.

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டேன். முதல் தடவை "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்று கேட்டேன். இரண்டாம் தடவை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் தடவை, இன்று காலை, மதியத்துக்கு என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ரியாத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான். அங்கே போலீஸ்காரனிடமே வாய் கூசாமல் பேசியிருக்கிறேன். ஆனால் மாப்பிள்ளையிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள நாக்கு எழும்பவில்லை. ஆகையால் எழுதுகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கையில் கிடைத்துவிடும் என்று கூரியர்காரர் சத்தியம் செய்கிறார். திங்கட்கிழமை நீங்கள் பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் உங்கள் கரண்ட் ஆராய்ச்சி முழுவதையும் எடுத்து வைப்பதற்குள் இதைப் படித்துவிட வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் உங்கள் வேலை நிரந்தரம் என்று தஸ்மியா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே சொல்கிறேன். பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் காளான் மாதிரி ஒரு ஆண்டெனா. "மாமா, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா சொவத்துல சொருகி வச்சாப் போதும். நாப்பது நாள் கழிச்சு நானே வந்து எடுத்துக்கிடுதேன்" என்றீர்கள். மாப்பிள்ளை ஒன்றுமே வேண்டாம் என்று சொன்னால் ஒரு மாமனார் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுவானா? நீங்கள் வந்து டீ மட்டும் போதும் என்றால் நாங்கள் டீ மட்டுமா கொடுக்கிறோம்? பெட்டியை ஹாலில் வைக்க மனம் வராமல் உங்களுக்காகவே பூட்டி வைத்திருக்கிற மாடி அறையில், கட்டில் பக்கத்து மேசையில், புது விரிப்பு போட்டு வைத்தேன்.

எதற்குப் பெட்டி என்று நீங்கள் படம் போட்டு விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. நாடு முழுக்கக் கரண்ட் ஒரே வலையாகப் பின்னிக்கிடக்கிறது, ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் கரண்ட் தயாரிக்கிற காற்றாடிகள் வேகம் எடுக்கிற மாதிரி நேரங்களில் அந்த வலை மெல்ல ஆடுகிறது, பல்பு மினுங்காது, ஃபேன் தயங்காது, யாருக்கும் தெரியாது, ஆனால் கவனிக்காமல் விட்டால் அந்த ஆட்டம் பெருகிப் பெருகி ஒருநாள் பெரிய லைன் தெறித்து மாவட்டமே இருண்டுபோகும் என்றீர்கள். ஒரு பெட்டி தனியாகப் பார்த்தால் பிரயோசனம் இல்லை. வடக்கே குஜராத் வரைக்கும் வைத்திருக்கிற பெட்டிகளும், நம் பக்கத்தில் கூடங்குளத்தில் மரிய அந்தோணி வீடு, கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனி, தச்சநல்லூரில் ஒரு டீச்சர் வீடு, மேலப்பாளையத்தில் நம் வீடு என்று நான்கு பெட்டிகளும், வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டிடம் மணி கேட்டுக்கொண்டு, நொடிக்கு ஐம்பது தடவை, எல்லாம் ஒரே கணத்தில் கரண்டைப் பார்த்துக் குறித்தால்தான் ஆட்டம் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று பிடிக்க முடியும். இவ்வளவும் புரிந்தது. புரிந்தும் நான் செய்ததைக் கேளுங்கள்.

ஐந்தாம் நாள் நல்ல சாரல். மாப்பிள்ளை சாமான் மொட்டைமாடியில் நனைகிறதே என்று அடுக்களையில் இருந்த பெரிய அலுமினியச் சட்டியை எடுத்து ஆண்டெனா மேல் கவிழ்த்தேன். மறுநாள் மத்தியானம் நீங்கள் கூப்பிட்டு, "மாமா, பெட்டி மணி தெரியலைங்குது. வானத்த எதுவும் மறைக்குதா?" என்று கேட்டீர்கள். "மேகமா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடிச் சட்டியை எடுத்தேன். உங்களிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். மேகம் இருந்தது வாஸ்தவம். ஆனால் குற்றவாளி சட்டி.

பத்தாம் நாள் நீங்கள் மறுபடி கூப்பிட்டீர்கள். "மாமா, நேத்து சாயங்காலம் ஆறு பத்துக்கு நம்ம வீட்டுப் பெட்டியில ஆட்டம் நல்லாத் தெரியுது!" என்றீர்கள். நீங்கள் சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். நான் உடனே திரும்பி அடுக்களையைத்தான் பார்த்தேன். ஆறு பத்துக்கு ஆபிதா கிரைண்டர் போட்டிருந்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நம் வீட்டு ஏற்ற இறக்கம் தெரியக்கூடாது என்றுதானே நாமெல்லாம் பிழைப்பு நடத்துகிறோம். சக்கரை ஏறினால் சொல்வதில்லை, சுவர் விரிந்தால் சொல்வதில்லை. இப்போது என்னடாவென்றால் நொடிக்கு ஐம்பது தடவை நம் வீட்டு ஆட்டம் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருக்கிறது! அன்றே கிரைண்டரை நிறுத்தினேன், மோட்டாரை நிறுத்தினேன், இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பரணில் போட்டேன். "ஊறவச்ச அரிசிய எங்கன கொண்டு அரைக்கச் சொல்லுதீய?" என்று ஆபிதா நின்றாள். நான் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். கசங்கிய சட்டையோடு ஜும்ஆவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு ஜனாபா வாசலில் நின்று, "ஏன் காக்கா, உங்க வீட்டுல பீஸ் கட்டையப் பிடுங்கிட்டுப் போய்ட்டாவளா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரித்தாள். இத்தனைக்குப் பிறகும் பதினாறாம் நாள் நீங்கள் கூப்பிட்டு "இன்னைக்கும் நல்ல ஆட்டம் மாமா" என்கிறீர்கள். அன்று வீட்டில் ஓடியது ஒரே ஒரு ஃபேன். அதையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாங்க முடியாமல் நீங்கள் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் நம்பர் எடுத்து, கூடங்குளத்து மரிய அந்தோணியைக் கூப்பிட்டேன். படகு இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர், நல்ல மனிதர், ஆனால் குரல் மட்டும் கடற்கரையில் நின்று பேசுகிற மாதிரி.

"உங்க வீட்டுலயும் ஆடுதா அண்ணாச்சி?"

"ஆடுதாம்லா. ஒம்ம மருமகப்புள்ள எங்கிட்டயும் சொன்னாரு. நல்லதுன்னு விட்டுட்டேன்."

"நல்லதா? நீங்க கிரைண்டர நிறுத்தலையா?"

"நான் எதுக்குவே நிறுத்தணும்? கடல் ஏறி எறங்குதுன்னா வள்ளத்துல இருக்கவனா காரணம்? வள்ளம் ஆடுதத வச்சுத்தானவே கடலு எப்படி இருக்குன்னு பாக்கோம். சும்மா கெடயும்."

அவர் சொன்னது சரிதான் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தோன்றியது, இவருக்கு மூன்றும் பையன்கள், மருமகன் கிடையாது, இவருக்கு என்ன தெரியும் என்பதுதான்.

பத்தொன்பதாம் நாள் டவுனுக்குப் போனேன். பழைய மின்சாரச் சாமான் விற்கிற மகாராஜன் கடையில், "ரொம்ப முக்கியமான ஒரு சாமானுக்குக் கரண்ட் ஆடாமப் போகணும், என்ன வைக்கலாம்?" என்று கேட்டேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போய், ஏதோ ஸ்கேன் சென்டரில் ஓடியதாம், பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு யுபிஎஸ்ஸைக் காட்டினார். "வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி நெனைக்காதீங்க அண்ணாச்சி. இது வர்ற கரண்ட அப்படியே விடாது. உள்ள வாங்கி, புதுசாப் பண்ணித்தான் வெளிய அனுப்பும். லைன்ல என்ன கூத்து நடந்தாலும் இங்கன ஒரு நூல் அசையாது" என்றார். எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து மாடிப்படியில் ஏற்றினார்கள். அது போட்ட ரீங்காரத்தில் தெருப்பூனை மாடிப்பக்கம் வருவதையே விட்டுவிட்டது. சூடாகிவிடுமோ என்று உங்கள் அறை ஏசியையும் அதற்காகப் போட்டேன். உங்கள் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி அதில் செருகினேன். அன்றிலிருந்து உங்களிடமிருந்து ஆட்டம் என்று ஒரு போன் இல்லை. ஆபிதாவின் கிரைண்டருக்கு மட்டும் இன்னும் தடை நீக்கவில்லை, முன்ஜாக்கிரதைக்கு. நான் நிம்மதியாகத் தூங்கினேன் மாப்பிள்ளை. மூன்று வாரம்.

நேற்று காலை நீங்கள் குரூப்பில் ஒரு படம் போட்டு, நான்கு வீட்டுக்கும் நன்றி என்று எழுதினீர்கள். போன வியாழக்கிழமை வந்த பெரிய ஆட்டத்தின் படம். நான்கு கோடு. மூன்று கோடு நெளிந்து நெளிந்து கிடந்தன. ஒரு கோடு அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக நின்றது. அதன் பக்கத்தில் மேலப்பாளையம் என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ்! நம்ம வீட்டுக் கோடு எப்படி நிக்குது பாருங்க" என்று எழுதி, அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் இருக்கிற ஏழு குரூப்புக்கும் அனுப்பினேன். துபாயிலிருந்துகூட வாழ்த்து வந்தது. கால் மணி நேரத்தில் மரிய அந்தோணி கூப்பிட்டார்.

"மீரான் அண்ணாச்சி, என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?"

பெருமையோடு யுபிஎஸ் கதையைச் சொன்னேன்.

"அந்தப் பெட்டிக்கு வேலையே ஆட்டத்தப் பாக்கதுதான்வே. நீரு அதுக்குக் கண்ணக் கட்டி விட்டுருக்கீரு. மூணு பெட்டி கெடந்து கத்துது, ஒம்ம பெட்டி மட்டும் ஒண்ணுமே நடக்கலைங்குது. ஆபீசருமாரு கேக்க மாட்டாவளா, மூணு பொய்யா ஒண்ணு பொய்யான்னு? அந்தப் புள்ள என்ன பதில் சொல்லும்? ஒம்மகிட்ட வந்து கேக்கவும் செய்யாது. மாமனாராச்சே, எப்படிக் கேக்கும்?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. அதைவிடப் பயமாக இருக்கிறது. நீங்கள் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டு அந்த அறையில் தலைகுனிந்து நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆகவே என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன், அதிகாரிகளிடம் காட்டுங்கள். ஜூலை 17 காலை ஒன்பது மணி முதல் 18 மதியம் இரண்டரை வரை ஆண்டெனா சட்டிக்குள் இருந்தது. ஜூலை 31 மாலை நான்கே கால் முதல் இன்று காலை ஆறு மணி வரை பெட்டி யுபிஎஸ்ஸில் இருந்தது. அந்த நாட்களில் மேலப்பாளையம் சொன்னதெல்லாம் பொய், மற்ற மூன்று வீடும் சொன்னது உண்மை. குற்றம் முழுக்க அகமது மீரானுடையது. பெட்டிக்கும் மாப்பிள்ளைக்கும் இதில் சம்பந்தம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்தன்று வாசலில் நின்று "கரண்ட் ஆடுதான்னு பாக்கதெல்லாம் ஒரு வேலையா" என்று நான் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கும். அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தஸ்மியாவுக்கு எங்கள் முத்தம். உங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சலாம் சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் திங்கட்கிழமையை லேசாக்கித் தரட்டும், உங்கள் உழைப்பில் பரக்கத் செய்யட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மாமா,
அகமது மீரான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டுமுன் ஒருமுறை ஆபிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தவள், முடிக்கும்போது தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது மாப்பிள்ளைக்கு அன்னைக்கே தெரியுமே" என்கிறாள். யுபிஎஸ் வந்த அன்றே தஸ்மியாவிடம் சொன்னாளாம். "மாமாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க மாமி, மனசு கஷ்டப்படுவாக" என்று நீங்கள் சொன்னீர்களாம். மூன்றாம் நாள் ஆபிதா பெயருக்குக் கூரியரில் இன்னொரு பெட்டி வந்ததாம். அன்றிலிருந்து அது அடுக்களையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் சுவரில் செருகிக்கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சன்ஷேடில் இருந்த அதன் ஆண்டெனாவைக் கேபிள்காரர் வைத்தது என்று நினைத்து, சாய்ந்திருந்ததை நானே ஒருநாள் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நான் பள்ளிக்குத் தொழப் போகிற நேரமெல்லாம் இந்த வீட்டில் கிரைண்டரும் ஓடியிருக்கிறது. திங்கட்கிழமை அதிகாரிகள் பார்க்கப்போவது அடுக்களைக் கோட்டைத்தானாம், அது மற்ற மூன்றோடும் சேர்ந்து அழகாக ஆடுகிறதாம். அந்த நேர்கோடு, என்னை விட்டுவிட்டால் நான் வருத்தப்படுவேனே என்று குரூப்புக்கு மட்டும் போட்டதாம்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். மூன்று மணி நேரம் எழுதியது, மனம் வரவில்லை, அனுப்புகிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது மாப்பிள்ளை, மறைக்க மாட்டேன். நான் உங்களிடம் மறைத்தேன், நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்கள். மரிய அந்தோணி ஒருவர்தான் என்னை வாய் நிறையத் திட்டினார், அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. திங்கட்கிழமை கூட்டம் முடிந்ததும் முதல் போன் எனக்கு வர வேண்டும், மாமிக்கு இல்லை. வேலை கிடைத்தால் கிடைத்தது என்று சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள், நான் தாங்குவேன்.